காலப்பெட்டகத்தில் யார் பெயர்?



நம் பள்ளிப் பொன்விழாவுக்குக் காலப்பெட்டகம் புதைக்கலாமா என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். நல்ல யோசனை. ஆனால் ஒரு பழைய கதை இருக்கிறது.

1973 ஆகஸ்டு 15 அன்று இந்திரா காந்தி அம்மையார் தில்லி செங்கோட்டையில் ‘காலபாத்திரம்’ ஒன்றைப் புதைத்தார். சுதந்திரத்துக்குப் பிந்தைய 25 ஆண்டு வரலாறு உள்ளே. எழுதும் பொறுப்பு சென்னை கிறித்தவக் கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமியிடம் வந்தது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று பெரிய சண்டை. 1977இல் ஜனதா ஆட்சி வந்ததும் தோண்டியே எடுத்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுக்கென்று வைத்தது, நாலே வருஷத்தில் வெளியே!

அமெரிக்காவில் எம்.ஐ.டி. கதை வேறு. 1939இல் 18 டன் காந்தத்துக்கு அடியில் வைத்தார்கள். 50 ஆண்டில் திறக்க வேண்டியது, மறந்தே போனார்கள். படித்தவர்கள்தான்!

ஆகவே, வைத்த இடத்தைக் கல்வெட்டில் எழுதுங்கள். மண்ணில் வேண்டாம், கரையான் இருக்கிறது, சுவரில் பதியுங்கள். பென் டிரைவை ஐம்பது வருஷம் கழித்து எதில் செருகுவார்கள்? காகிதமே போதும், எவர்சில்வர் பெட்டியில்.

முதல் மதிப்பெண் பட்டியல் மட்டும் வைப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சம்மதமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பிள்ளைகளும் நம் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறார்கள். அந்தப் பதிவேடு முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். மை அழிந்த பக்கங்கள் சில உண்டு. உங்களோடு படித்து இடையில் நின்றவர்கள் பெயரைக் கீழே எழுதுங்கள், சரிபார்த்துத் தருகிறேன்.