செவிப்பறைச் சீரமைப்பில் பட்டுச் சாரம்: மைசூர்ச் சூழலில் ஒரு மதிப்பீடு

வங்காளத்திலிருந்து வரும் பட்டுப்புழுக்களுக்குத் தகுந்த இடமும் மல்பெரி இலையும் ஏற்பாடு செய்யுமாறு மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் 1786இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை அதிகாரிக்கு எழுதினார். அந்தப் புழு தரும் இழை இன்று புடவையைத் தாண்டிக் காதுக்குள் நுழையப் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் காது மருத்துவர் மார்கஸ் அட்லஸ் குழுவினர் பட்டின் ஃபைப்ராய்ன் புரதத்திலிருந்து செவிப்பறைக்கான சவ்வை உருவாக்கி வந்திருக்கின்றனர்.

செவிப்பறையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.; அடுக்குகளோ மூன்று. புதிதாக ஏற்படும் துளை பெரும்பாலும் தானே மூடிவிடும். நாட்பட்ட துளையில் வெளித்தோல் விளிம்பில் மடங்கி உட்சவ்வோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. நடுவில் உள்ள நார் அடுக்கு படர்வதற்குத் தளம் இல்லை. மருத்துவர் விளிம்பைச் சுரண்டிப் புண்ணாக்கிய பின், அந்தத் தளத்தைக் கொடுப்பதே சாரத்தின், அதாவது திசு படர்வதற்கான தாங்கியின், வேலை.

பட்டுக்கூட்டின் எடையில் கால் பங்கு அளவுள்ள செரிசின் பசையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கொதிக்கவைத்து நீக்குகிறார்கள். எஞ்சும் ஃபைப்ராய்னை லித்தியம் புரோமைடில் கரைத்து, உப்பைப் பிரித்தெடுத்து, மெல்லிய தாளாக வார்க்கிறார்கள். அது கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது என்பதால், மருத்துவர் அதன் வழியே நடுச்செவியைப் பார்க்க முடியும்.

ஆய்வாளர் பலர் செவிப்பறையின் நடு அடுக்கிலுள்ள கொலாஜன் நார்களின் ஆரப் போக்கை அப்படியே நகலெடுத்து ஒலி அதிர்வைத் துல்லியமாக்க முயல்கின்றனர். இது நம் சூழலில் இலக்குத் தவறிய முயற்சி என்பதே என் கருத்து. 1950களின் இறுதியிலிருந்து பொட்டுத் தசையின் மேலுறையே ஒட்டாகப் பயன்படுகிறது. அது நோயாளியின் சொந்தத் திசு, விலையில்லை, பெரும்பாலான துளைகளை மூடியும் விடுகிறது. சொந்தத் திசு எளிதில் தோற்காத போட்டியாளர். 1792 மைசூர்ப் போரில் மூக்கறுபட்ட வண்டிக்காரர் காவஸ்ஜிக்கு நெற்றித் தோலால் மூக்கமைத்த செய்தி 1794இல் லண்டன் இதழில் வெளிவந்து ஐரோப்பிய அறுவையாளர்களைத் திகைக்க வைத்தது.

பட்டு வெல்ல வேண்டிய களம் வேறு: கீறல் இல்லாமல், அறுவை அரங்கு இல்லாமல் புறநோயாளியாகவே சிகிச்சையை முடிப்பது. ஜப்பானில் மருத்துவர் கனெமாருவின் முறை இது முடியும் என்பதைக் காட்டுகிறது. வளர்ச்சிக் காரணி ஊறிய ஜெலட்டின் பஞ்சைத் துளையில் வைத்து ஃபைப்ரின் பசையால் மூடுகிறார்கள். அதற்கான மருந்துக்கு 2019இல் ஒப்புதல் கிடைத்தது. பஞ்சு கரைந்துபோய்விடுவதால், அதன் ஒலிப்பண்பை யாரும் அளக்கவேண்டியதில்லை.

ஆனால் சீழ் வடியும் காதில் எந்தச் சாரமும் நிற்காது. முதலில் காது உலர வேண்டும். ‘உள்ளூர்ப் பட்டு, ஆகவே மலிவு’ என்ற வாதமும் சரியன்று. செலவு கூட்டில் இல்லை, தூய்மையிலும் கிருமிநீக்கத்திலும் ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் அமைவதிலும் இருக்கிறது. 1961இல் தோன்றிய மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையமும் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் மைசூரிலேயே உள்ளன. இரண்டும் கைகோத்து, உலர்ந்த காதுகளில் பட்டையும் தசையுறையையும் ஓராண்டுக் கேள்திறன், மொத்தச் செலவு, இழந்த கூலிநாள் ஆகிய மூன்றிலும் ஒப்பிட்டால் இந்த வழக்கு தீரும்.