லாக் அவுட் பட்டனைக் காணோம்!

ஆட்டம் போதும், வெளியே போகலாம் என்று மெனுவைத் திறக்கிறீர்கள். லாக் அவுட் பட்டன் இருக்க வேண்டிய இடம் காலி. என்ன செய்வீர்கள்? அனிமே பார்க்கும் நண்பர்களுக்கு இந்தக் காட்சி அத்துப்படி. வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை ஜப்பானில் தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அது எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். சில கதைகளின் முடிவையும் சொல்லிவிடப் போகிறேன், பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

1986-இல் மரியோவை வைத்து ஒரு அனிமே திரைப்படம் வந்தது. அதில் மரியோ வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது, இளவரசி பீச் டிவிக்குள்ளிருந்து வெளியே குதிக்கிறாள். பிறகு மரியோ அவளைத் தேடி அந்த உலகத்துக்குப் போகிறான். அப்போதைய வீடியோ கேம் உலகம் அப்படித்தான் இருந்தது. திறந்து கிடக்கும் வீடு மாதிரி, வரலாம், போகலாம்.

இணையம் வந்ததும் நிலைமை மாறியது. 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட். நாம் தூங்கப் போன பிறகும் அந்த உலகத்தில் மற்றவர்கள் வாழ்ந்துகொண்டே இருப்பார்கள். இங்கே ஒரு காமர்ஸ் மாணவனாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரனோவா என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர், எவர்குவெஸ்டில் வரும் நாரத் என்ற கற்பனை உலகத்துக்கு தேசிய வருமானக் கணக்குப் போட்டார். தலைக்கு 2,266 டாலர் வந்தது. ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் நடுவில் ஓர் இடம்! விளையாட்டு உலகம் ஒரு நாடாகிவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நாடு என்றால் அங்கேயே தங்கிவிடுகிறவர்களும் இருப்பார்கள் அல்லவா?

அடுத்த வருடமே, 2002 ஏப்ரலில், 'டாட் ஹேக் சைன்' தொடர் வந்தது. பீ ட்ரெய்ன் நிறுவனம் தயாரித்து டிவி டோக்கியோவில் ஒளிபரப்பானது. சுகாசா என்ற பாத்திரத்தால் விளையாட்டிலிருந்து வெளியேற முடியவில்லை. சண்டை குறைவு, பேச்சு அதிகம். பலருக்குப் பொறுமை போய்விடும். ஆனால் போகப் போக ஒன்று புரியும். சுகாசா ஆண் வேடத்தில் ஆடினாலும் நிஜத்தில் ஒரு பெண், வீட்டில் அப்பாவின் கொடுமைக்கு ஆளானவள். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள். வெளியே போக முடியவில்லை என்பது பாதிதான், போக விருப்பமும் இல்லை.

அந்தக் காலத்து ஜப்பானையும் நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தது. பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை கிடைக்காத அந்த வருடங்களை 'வேலைவாய்ப்புப் பனியுகம்' என்றே அங்கே சொல்கிறார்கள். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராமலே இருக்கும் இளைஞர்களை 'ஹிக்கிகோமோரி' என்பார்கள். 1998-இல் மனநல மருத்துவர் தமாகி சைத்தோ எழுதிய புத்தகம்தான் அந்தச் சொல்லை நாடறியச் செய்தது. பூட்டிய விளையாட்டும் பூட்டிய அறையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பேசப்பட்டது தற்செயல் இல்லை என்பது என் கணிப்பு.

ரெக்கி கவஹாரா 'ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்' நாவலை ஒரு போட்டிக்காகத்தான் எழுதினார். பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் அனுப்ப முடியாமல், 2002-இல் இணையத்தில் போட்டார். அச்சில் வந்தது 2009-இல், அனிமே 2012-இல். 10,000 பேர் மாட்டிக்கொள்கிறார்கள். விளையாட்டில் செத்தால் நிஜத்திலும் சாவு. வெளியேற 100 தளங்களை ஜெயிக்க வேண்டும். இங்கே எல்லாருக்கும் ஒரே குறி, வெளியே போக வேண்டும். இதற்கும் சுகாசாவின் கதைக்கும் இசை ஒரே ஆள், யூகி கஜியுரா!

2013-இல் என்.எச்.கே.யில் வந்த 'லாக் ஹொரைசன்' எனக்கு மிகவும் பிடித்தது. இதில் செத்தாலும் மீண்டும் உயிர் வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சாப்பாட்டில் ருசியே இல்லை. மெனுவை அழுத்தாமல் கையாலேயே சமைத்தால் ருசி வருகிறது என்று ஒருவர் கண்டுபிடிக்கிறார். உடனே பர்கர் கடை போடுகிறார்கள்! கதாநாயகன் ஷிரோயே அந்த வியாபாரத்தை வைத்து முதல் திரட்டி, ஊரின் வங்கி இருக்கும் கட்டடத்தையே விலைக்கு வாங்குகிறான். பிறகு பெரிய குழுக்களைக் கூட்டி, சின்னப் பையன்களைச் சுரண்டும் கும்பலுக்கு முடிவு கட்டி, ஒரு நிர்வாக சபை அமைக்கிறான். வாளை எடுக்காமல் முதலீட்டை வைத்து ஜெயித்த ஹீரோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை :-)

2015-இல் 'ஓவர்லார்ட்'. விளையாட்டை நிறுவனமே மூடும் கடைசி நாள். 41 பேர் இருந்த குழுவில் கடைசிவரை உட்கார்ந்திருப்பவன் ஒருவன்தான், ஓர் அலுவலக ஊழியன். நள்ளிரவு தாண்டியும் அவன் உள்ளேயே இருக்கிறான். வீட்டுக்குத் திரும்ப அவன் பெரிதாக முயற்சி செய்வதில்லை. வெளியே அவனுக்குக் குடும்பமும் இல்லை, நண்பர்களும் இல்லை.

2002-இலிருந்து 2015 வரை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பூட்டைப் பற்றிய கதைகள் மாதிரி இருக்கின்றன, ஆனால் கதவுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்பதுதான் ஒவ்வொன்றிலும் கேள்வி.

இதை ஏன் இவ்வளவு யோசித்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடம் காஸ்ட் அக்கவுண்டிங்கில் அரியர் விழுந்தது. அந்த லீவில் பதினைந்து நாள் அறையைச் சாத்திக்கொண்டு மொபைலில் விளையாடியே கழித்தேன். அம்மா சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். என் விளையாட்டில் லாக் அவுட் பட்டன் இருந்தது. நான்தான் அழுத்தவில்லை.

பதினாறாம் நாள் வகுப்புத் தோழன் ஒருவன் பைக்கில் வந்து, "டேய், ரீவால்யுவேஷன் போட்டியா இல்லையா? நாளைக்குக் கடைசி நாள்" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

'டாட் ஹேக் சைன்' முடிவில் சுகாசா கண் விழித்து வெளியே வருகிறாள். விளையாட்டில் பழகிய சுபாரு, நிஜத்தில் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண், அவளைச் சந்திக்கிறாள். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த பைக் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

உங்கள் வகுப்பில் யாராவது கொஞ்ச நாளாக வெளியே தலைகாட்டவில்லை என்றால், ஒரு நடை போய்க் கூப்பிட்டுப் பாருங்கள்.