நாயின் மார்பெலும்பை மூடுதல்: கம்பியும் நூலும்

மார்பெலும்பை நெடுக்காகப் பிளந்து நெஞ்சறையைத் திறக்கும் அறுவை முறையை 1897இல் விவரித்தவர், கெய்ரோவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மில்டன். அறுபது ஆண்டுகள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தை மனித அறுவையில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். 1957இல் ஆர்மண்ட் ஜூலியன் குழுவினர் இதய அறுவைக்கு இந்த வழியே ஏற்றதென்று எழுதிய பிறகுதான் முறை பரவியது. கிப்பனின் இயந்திரம் மனிதரிடம் வருமுன் பூனைகளிடமும் நாய்களிடமும் சோதிக்கப்பட்டது. அந்த வகையில் இதய அறுவைத் துறை நாய்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

இன்று நாய்க்கே இந்த அறுவை தேவைப்படுகிறது. நெஞ்சறைக் கட்டி, சீழ், காற்றுக் கசிவு போன்றவற்றுக்காகக் கால்நடை மருத்துவர்கள் மார்பெலும்பைப் பிளக்கிறார்கள். திறப்பதைவிட மூடுவதே சிக்கல். நாயின் மார்பெலும்பு எட்டுச் சிறு எலும்புத் துண்டுகளால் ஆனது, இடையே குருத்தெலும்பு. அகலமும் குறைவு, ரம்பம் சற்று விலகினாலும் ஒரு பக்கம் மெலிந்துவிடும். அதனால் இயன்றவரை முன்முனையையோ பின்முனையையோ வெட்டாமல் விடுவார்கள். மனித நோயாளியிடம் “பாரம் தூக்காதீர்கள்” என்று சொல்லலாம். நாயோ மார்பின் மேலேயே படுக்கும். மூச்சு விடும்போதெல்லாம் விலா அசையும்.

துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை எலும்பைச் சுற்றி 8 வடிவில் முறுக்கிக் கட்டுவது பழைய வழி. கம்பி கரையாது. ஆனால் மிகையாக இறுக்கினால் மெல்லிய எலும்பை அறுத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் வந்த பாலிடையாக்ஸனோன் நூல் கையாள எளிது, தானே கரையும். குறை காலக்கணக்கில் இருக்கிறது: நான்கு வாரத்தில் அதன் வலிமை ஏறத்தாழப் பாதியாகிவிடும், எலும்பு கூடுவதற்கோ வாரங்கள் பல வேண்டும்.

இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்த ஓர் ஆய்வு 2002இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழொன்றில் வெளியானது. நாய்களில் கம்பியால் மூடிய மார்பெலும்பு நூலால் மூடியதைவிடக் குறைவாக விலகியது. எலும்பும் நன்றாகக் கூடியது. பிறகு, இறந்த நாய்களின் மார்பெலும்புகளை இயந்திரத்தில் இழுத்துப் பார்த்த ஆய்வுகளும் நடந்தன. கட்டும் பொருளோடு, கட்டு எதைச் சுற்றிச் செல்கிறது என்பதும் முக்கியம் என்று அவை காட்டின.

ஆகவே பெரிய நாய்களுக்குக் கம்பி, சிறிய நாய்களுக்கும் பூனைகளுக்கும் தடித்த நூல் என்பது இன்றைய பொது வழக்கம். கம்பி அப்படியே உள்ளே தங்கும். பல ஆண்டுகள் கழித்து வேறு நோய்க்காக எக்ஸ்ரே எடுத்தாலும், நெஞ்சின் அடியில் அந்த முடிச்சுகள் வெள்ளையாகத் தெரியும்.