கோஷர் சான்றிதழும் கர்நாடகக் கெர்கின் ஏற்றுமதியும்

கோஷர் சான்றிதழ் என்பது, ஓர் உணவுப்பொருள் யூத சமய உணவு விதிகளுக்கு உட்பட்டுத் தயாரானது என்று ரப்பிகள் எனப்படும் யூத சமய குருமாரின் மேற்பார்வையில் இயங்கும் அமைப்பு அளிக்கும் உறுதி. இந்தியாவில் யூதர்கள் சில ஆயிரம் பேரே. பெங்களூரு மைசூர் சாலையில் 1904இல் அமைந்த யூதர் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது; ஆனால் கோஷர் பொருளுக்கென்று அந்நகரில் பெரிய சந்தை உருவானதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும், அந்நகரின் நீலசந்திரா போன்ற பகுதிகளில் மக்களுக்குப் பழக்கமானவை சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியும் ஹலால் முத்திரையும்தான். ஆயினும் கர்நாடகத்தின் உணவு ஆலைகள் பல கோஷர் சான்றிதழைப் பெற்று ஆண்டுதோறும் புதுப்பித்து வருகின்றன. காரணம் ஏற்றுமதி. அதைப் புரிந்துகொள்ள ஏற்ற பொருள் கெர்கின் வெள்ளரி.

பிஞ்சிலேயே பறித்து உப்புநீரிலோ வினிகரிலோ ஊறவைக்கப்படும் இந்த வெள்ளரியின் சாகுபடி, 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. இதை உள்நாட்டில் உண்பவர் குறைவு. விளைச்சலில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் கணக்குப்படி, 2020-21இல் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 2.23 லட்சம் டன். ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகள் ஒப்பந்த முறையில் 65,000 ஏக்கரில் இதைப் பயிரிடுகின்றனர். 90 நாள் பயிரில் ஏக்கருக்கு 4 டன் விளைந்து, செலவு போக 40,000 ரூபாய் அளவுக்கு மிஞ்சும் என்பது அந்த ஆணையத்தின் மதிப்பீடு. வெளிநாட்டு வாங்குநர் ஒருவர் விலகிக்கொண்டால் அந்த அடி ஆலையோடு நிற்பதில்லை. நாள்தோறும் பிஞ்சு பறிக்கும் குடும்பங்கள் வரை போய்ச் சேரும்.

வெள்ளரிக்காய் இயல்பாகவே கோஷர்தான். பச்சையாகவும் உண்ணத்தக்கது என்பதால், சில சமைத்த உணவுகளுக்கு உள்ளதுபோல் யூதர் ஒருவரே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்ற விதியும் இதற்குப் பொருந்தாது. சிக்கல் கூடச் சேர்பவற்றில் இருக்கிறது. திராட்சை மதுவிலிருந்து வரும் வினிகர், யூதர் கையாலேயே உருவான மதுவிலிருந்து வந்தாலொழிய ஏற்கப்படாது. நிறத்துக்குச் சேர்க்கும் மஞ்சள் சாற்றை நீரில் கலக்க உதவும் பாலிசார்பேட் 80 தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஆய்வுக்கூடச் சோதனையில் மட்டும் அந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு சேர்மானமும் எந்த ஆலையில், எதிலிருந்து செய்யப்பட்டது என்று ஆவணம் கேட்கப்படுகிறது. பாத்திரங்களுக்கும் இதே கண்டிப்பு உண்டு. ஒரே கொதிகலனின் நீராவி கோஷர் அல்லாத உணவைச் சூடாக்கிவிட்டுத் திரும்பி வந்தால்கூட ஆய்வாளர் கேள்வி எழுப்புவார். மாசுபட்ட கலன்களை 24 மணி நேரம் சும்மா வைத்திருந்து, பின் கொதிநீரால் தூய்மைப்படுத்துவது வழக்கமான முறை.

இந்தக் கண்டிப்பிலிருந்தே சான்றிதழின் தலையாய பயன் பிறக்கிறது. கோஷர் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பான ஆர்த்தடாக்ஸ் யூனியன் 1923இல் ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் சைவ பீன்ஸுக்குத் தன் முத்திரையை வழங்கியது முதல், அமெரிக்கக் கடைகளில் கோஷர் குறி பெருகி வந்தது. முத்திரை தாங்கிய ஒரு பொருளில் சான்றிதழ் இல்லாத ஊறுகாயையோ சாற்றையோ சேர்த்தால் முத்திரையே பறிபோகும். எனவே ஹாம்பர்கருக்குக் கெர்கின் துண்டு வாங்குபவரும், சாஸ் செய்பவரும், மசாலா கலப்பவரும் தமக்குப் பொருள் தருவோரிடம் சான்றிதழ் கேட்கின்றனர். கேரளத்து மசாலாச் சாறு ஆலைகளும் இதே காரணத்தால் இதைப் பெறுகின்றன. இந்தியத் தயாரிப்பாளருக்கு இது விளம்பரம் என்பதைவிட, விலைப்புள்ளி தருவதற்கே வேண்டிய தகுதி என்பதுதான் உண்மை.

யூதரல்லாத வாடிக்கையாளர் கிடைப்பதும் பயனாகச் சொல்லப்படுகிறது. அதைக் கவனத்தோடு கொள்ள வேண்டும். இறைச்சியும் பாலும் சேராத பொருள்களைக் கோஷர் முறை பரேவ் என்று வகைப்படுத்துகிறது. பால் தவிர்ப்போர் பலர் அதைப் பார்த்து வாங்குகின்றனர். ஆனால் முட்டையும் மீனும் பரேவ் வகையில் அடங்கும். இந்தியாவிலோ இவை அசைவக் குறி பெறுபவை. பச்சைப் புள்ளி பெறும் நெய், கோஷர் கணக்கில் பால் பொருள். அறியாமல் கலந்துவிட்ட சிறு அளவைச் சில நிலைகளில் சமய விதி பொருட்படுத்துவதில்லை என்பதால், கடும் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் பரேவ் குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஹலாலுக்கும் கோஷர் சான்றிதழ் மாற்றாகாது. மதுசாரம் போன்றவற்றில் இரு விதிகளும் வேறுபடுகின்றன.

கர்நாடக ஆலைகளுக்குக் குறிப்பாக உதவக்கூடிய ஒரு வாய்ப்பு யூதர்களின் பஸ்கா பண்டிகை. அந்நாள்களில் கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலிருந்து வடித்த வினிகர் விலக்கப்படும். இந்தியாவில் கரும்புச் சர்க்கரைப்பாகின் கழிவான மொலாசஸிலிருந்து எரிசாராயம் எடுப்பது நெடுநாள் வழக்கம். அதில் செய்த வினிகருக்கு இந்தத் தடை இல்லை. எனினும் ஐரோப்பிய மரபைச் சேர்ந்த அஷ்கெனாசி யூதர்கள் பஸ்காவில் கடுகையும் தவிர்ப்பதால், கடுகு சேர்த்த கெர்கின் அவர்களுக்கு ஆகாது. பஸ்காவுக்கெனத் தனி மேற்பார்வையும் தனிச் சான்றும் தேவை.

செலவு ஆலைக்கு ஆலை மாறும். ஆண்டுக் கட்டணத்தோடு ஆய்வாளரின் பயணச் செலவும் பெரும்பாலும் தயாரிப்பாளர் தலையிலேயே விழும்; முன்னறிவிப்பின்றி ஆய்வு நடக்கும்; அனுமதி பெறாமல் ஒரு சேர்மானத்தைக்கூட மாற்ற முடியாது. ஆவண ஒழுங்கும் கலன் சுத்தமும் இதனால் கூடுகின்றன. ஆனாலும் பூச்சிக்கொல்லி எச்சத்தையோ கிருமிகளையோ அளக்கும் சான்றிதழ் இதுவன்று. அவற்றுக்கு உணவுப் பாதுகாப்புத் தரச்சான்றுகள் தனியே வேண்டும். வெளிநாட்டு வாங்குநர் யாரும் இல்லாமல் பெங்களூருக் கடைகளுக்கு மட்டும் ஊறுகாய் தரும் சிறு தயாரிப்பாளருக்கு, இந்தக் கட்டணத்தை ஈடுகட்டும் கூடுதல் விற்பனை கிடைப்பது அரிது.