பின்னற்கலையும் பெயர்பெறா ஆசிரியரும்

முன்னுரை

மகளிர் கூந்தல் ஒப்பனை பற்றிய செய்திகள் சங்க இலக்கியம் தொடங்கித் தமிழில் நிறைந்துள்ளன. கூந்தலின் மணமும் நிறமும் அதிற் சூடிய மலரும் புலவர்களால் விரித்துரைக்கப்பட்டன. ஆயின், கூந்தலைப் பின்னும் திறனை ஒரு பெண் யாரிடம், எவ்வாறு கற்றாள் என்னும் வினாவிற்கு நூல்கள் நேர்விடை தரவில்லை. இலக்கியம், உரை, வழக்குச்சொல், நாட்டார் ஆட்டம் ஆகிய நால்வகைச் சான்றுகளைக் கொண்டு அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐம்பாலும் பனிச்சையும்

'ஐம்பால்' என்னும் சொல் சங்கப் பாடல்களில் மகளிர் கூந்தலைக் குறிக்கிறது. ஐந்து வகையாக ஒப்பனை செய்யப்படுவது என்பது அதற்குக் கூறப்படும் பொருள். அவ்வைந்தையும் முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என உரைமரபு வகுக்கிறது. தலையின் உச்சியில் கட்டுவதை முடி என்றும், ஒரு பக்கமாகக் கட்டுவதைக் கொண்டை என்றும், பின்புறம் செருகுவதைச் சுருள் என்றும், சுருட்டிக் கட்டுவதைக் குழல் என்றும், பின்னித் தொங்கவிடுவதைப் பனிச்சை என்றும் கொள்வர். நிகண்டுகளில் இப்பட்டியல் சிறிது வேறுபடும்.

இவ்விளக்கங்கள் முடிவுற்ற கோலத்தைச் சொல்கின்றனவேயன்றிக் கையின் தொழிலைச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. முதல் நான்கும் கட்டுதல், சுருட்டுதல், செருகுதல் என்பவற்றுள் அடங்கும். பனிச்சை ஒன்றே வரிசைமுறை பிறழாத கைப்பயிற்சியை வேண்டி நிற்பது. எனினும் பனிச்சை எத்தனை பிரிவுகளைக் கொண்ட பின்னல் என்பதை அவ்விளக்கம் குறிக்கவில்லை.

மாதவியின் கல்வி

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடல், பாடல், அழகு என்னும் மூன்றிலும் குறைவின்றி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறியதைக் கூறுகிறது. அதனையடுத்து ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகள் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆடலுக்கும் பாடலுக்கும் ஆசிரியர் உளர். மூன்றாவதாகிய அழகுக்கு ஆசிரியர் எவரும் சுட்டப்படவில்லை.

அழகுக்கலை எளியதாதலின் ஆசிரியர் வேண்டப்படவில்லை எனக் கொள்ளுதற்கு இடமில்லை. கடலாடு காதையில் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீரில் மாதவி கூந்தலை நீராட்டுகிறாள், நறும்புகையில் உலர்த்துகிறாள், வகை வகையாகப் பிரித்து மான்மதச் சாந்து ஊட்டுகிறாள். அளவும் வரிசையும் உடைய இச்செயல் கற்றுத் தேர்ந்தோர்க்கே இயலும்.

மணிமேகலையின் ஊரலர் உரைத்த காதை நாடக மகளிர்க்குரிய கலைகளைத் தொகுத்துரைக்கிறது. அதில் மலராய்ந்து தொடுத்தலும் கோலங்கோடலும் இடம்பெறுகின்றன. பின்னல் தனிப்பெயர் பெறவில்லை. கோலங்கோடல் என்பதனுள் அஃது அடங்கியது எனலாம். இதனால், பின்னல் தாயிடமும் செவிலியிடமும் தோழியரிடமும் கைவழிக் கல்வியாகவே பயிலப்பட்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

காலும் புரியும்

நூல்கள் சொல்லாத தொழில்முறையை வழக்குச்சொற்கள் காத்துள்ளன. கயிற்றின் பிரிவு 'புரி' எனப்படும். சடையின் பிரிவோ 'கால்' எனப்படும். புரி முறுக்கப்படுவது; கால் மாறிமாறிக் கடப்பது. மூன்றுகாற் பின்னல், நாலுகாற் பின்னல், ஐந்துகாற் பின்னல் என்னும் பெயர்கள் இவ்வேறுபாட்டை உணர்த்துகின்றன.

மூன்றுகாற் பின்னலில் ஓரக் கால் நடுக்காலைக் கடந்து தானே நடுவாகும். வலமும் இடமும் இச்செயல் மாறிமாறி நிகழும். ஐந்துகாற் பின்னலில் ஓரக் கால் அடுத்ததன் மேலாகவும் அதற்கடுத்ததன் கீழாகவும் சென்று நடுவை அடையும். இங்கும் இருபுறச் செயலும் ஒன்றே. தட்டையாக அமையும் நாலுகாற் பின்னலில் அவ்வாறன்று. ஒருபுறக் கால் மேலாகச் சென்றால் மறுபுறக் கால் கீழாகத் தொடங்க வேண்டும். இரு கைகளும் இருவேறு வரிசைகளை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே எண்ணிக்கையால் சிறிதாயினும், கற்போர்க்கு நாலுகாலே அரிதாதல் கூடும். கண்ணால் மட்டும் கண்டு இதனைப் பெறுதல் அரிது. பக்கத்திருந்து திருத்துவார் வேண்டும்.

பின்னற் கோலாட்டம்

இவ்வரிசை அறிவு உடலசைவாகவே நிலைபெற்ற இடம் பின்னற் கோலாட்டம். உயரத்திலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பற்றி, ஒருசாரார் வலமாகவும் மறுசாரார் இடமாகவும் எதிர்ப்படுவோரை உள்ளும் புறமும் கடந்து ஆட, கயிறுகள் சடையாகின்றன. பின்னர் அவ்வடிகளை எதிர்முறையில் ஆடச் சடை அவிழ்கிறது. ஒருவர் அடி பிழைப்பினும் சடை சிக்கும். கோவா, குசராத்துப் பகுதிகளின் 'கோஃப்' ஆட்டமும் இவ்வகையினதே. இங்கு ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு காலாகி நின்று பின்னலின் இலக்கணத்தைப் பயில்கின்றனர்.

முடிவுரை

தண்ணுமை ஆசிரியனின் தகுதியை இன்றும் நூல்வழி அறிய முடிகிறது. மாதவிக்குக் கூந்தல் பின்னக் கற்பித்தவளின் பெயரோ முறையோ அறிதற்கில்லை. மன்றத்தில் கற்பிக்கப்பட்டது ஏட்டில் ஏறிற்று. மனையகத்தில் கற்பிக்கப்பட்டது கையோடு நின்றது. பயிலும் கை அற்றுப்போகுமாயின், பனிச்சையைப்போல் பெயர் எஞ்சும், செய்முறை எஞ்சாது. மணமகளின் சடையில் பூத்தைக்கும் முதிய மகளிர் அறிந்த பின்னல் வகைகளின் பெயர், கால் எண்ணிக்கை, கடக்கும் வரிசை ஆகியவற்றைக் களஆய்வில் பதிவுசெய்தல் தமிழாய்வின் கடனாகும். அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதுமிடத்து அதன் செயலையும் சேர்த்தெழுதுவதற்கு அப்பதிவே துணையாகும்.