விலைக்கு வந்த மூத்த பிள்ளை

1922ஆம் ஆண்டின் கடைசி நாள். கியூபெக் மாகாணத்து வால்கூர் கிராமத்தில், பனி மூடிய தெருவில் அதுவரை யாரும் கேட்டிராத இரைச்சல் ஒன்று எழுந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு முன்னால் குதிரையும் இல்லாமல் நாயும் இல்லாமல் ஒரு சறுக்குவண்டி பாய்ந்து போனது. அதன் முதுகில் ஃபோர்டு மாடல்-டி காரின் பழைய எஞ்சின் இருந்தது. எஞ்சினோடு பொருத்திய மர விசிறி, விமானத்தில் இருப்பதுபோலச் சுழன்று வண்டியைத் தள்ளியது. எஞ்சினைக் கவனித்தவன் லியோபோல்ட். முன்னால் உட்கார்ந்து வண்டியைத் திருப்பியவன் அவனுடைய அண்ணன், பதினைந்தே வயதான ஜோசப்-ஆர்மான் பொம்பார்டியே. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஓடியபின் வண்டி நின்றது. மறைப்பே இல்லாமல் சுழன்ற விசிறியைப் பார்த்த அப்பாவுக்குக் குலை நடுங்கியது. அதை உடனே பிரித்துப் போடச் சொன்னார். எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது.

மகனைப் பாதிரியாராக்க வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஷெர்ப்ரூக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த பையனின் மனமோ எஞ்சினை விட்டு அகலவில்லை. பதினேழாவது வயதில் குருமடத்தை விட்டான். பத்தொன்பதாவது வயதில், 1926இல், வால்கூரில் சொந்தமாக ஒரு கராஜ் திறந்தான். கோடையில் ஓய்வில்லாத வேலை. பனி விழத் தொடங்கினால் ஊரில் ஒரு காரும் ஓடாது. கிராமத்துச் சாலைகளில் பனியை அள்ளும் வழக்கமே அன்று கிடையாது. ஏப்ரல் வரை குதிரை இழுக்கும் வண்டிகள்தான். அந்த வேலையில்லா மாதங்களில் அவர் பனிவண்டிகளைச் செய்து பார்த்தார். ஒன்று கனம் தாங்காமல் புதைந்தது, இன்னொன்று நடுவழியில் நின்றது. அவசரம் என்று எதுவும் இல்லாததால் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது, 1934 ஜனவரி வரை.

அந்த மாதம் அவருடைய இரண்டு வயது மகன் இவோன் வயிற்று வலியால் துடித்தான். குடல்வால் வெடித்து நஞ்சு பரவிவிட்டது. அறுவை செய்ய வசதியுள்ள மருத்துவமனை ஷெர்ப்ரூக்கில் இருந்தது. சாலைகள் முழுக்கப் பனி. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அதே பனியைக் கடக்கும் வண்டியைக் கனவு கண்டவரின் கராஜில் ஓடக்கூடிய வண்டி ஒன்றுகூட அன்று தயாராக இல்லை. குழந்தை இறந்துபோனான்.

அதற்கடுத்த ஆண்டில் விடை கிடைத்தது. ரப்பர் போர்த்திய பல்சக்கரமும், அதைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையும் சேர்ந்து வண்டியின் கனத்தைப் பரப்பித் தாங்கின. வண்டி புதையவில்லை. 1937இல் காப்புரிமை வந்தது. ஏழு பேர் அமரும் மூடுவண்டியும், பிறகு பன்னிரண்டு பேர் அமரும் வண்டியும் வால்கூரிலிருந்து புறப்பட்டன. மருத்துவர்கள் வாங்கினார்கள், தபால் ஏற்றவும் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும்கூட அவை ஓடின. இவோனுக்குக் கிடைக்காத வண்டி மற்றப் பிள்ளைகளின் வாசலுக்குப் போனது என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொடும் இடம். 1942இல் முறையான நிறுவனமும் பிறந்தது. அதன் அடிமடியில் கை வைத்தது ஒரு நல்ல சட்டம்.

1948இல் கியூபெக் அரசு, கிராமத்துச் சாலைகளிலும் பனியை அகற்ற வேண்டும் என்று விதித்தது. மக்கள் மகிழ்ந்தார்கள். குளிர்காலத்திலும் கார் ஓடும் என்றால் பனிவண்டி எதற்கு? ஒரே ஆண்டில் விற்பனை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. காட்டுக்கும் சதுப்புக்குமான கனரக வண்டிகளைச் செய்து நிறுவனம் உயிர் தப்பியது. ஆனால் ஆர்மானின் நெஞ்சில் பழைய ஆசை ஒன்று விடாமல் குடைந்துகொண்டிருந்தது: ஒருவரோ இருவரோ ஏறிப் போகும் சின்ன வண்டி. அதற்கேற்ற இலேசான எஞ்சின் உலகில் எங்கும் இல்லை.

ஐம்பதுகளின் முடிவில் எஞ்சின் வந்தது. மகன் ஜெர்மேன், இணைப்பில்லாத அகலமான ஒற்றை ரப்பர் பட்டையை உருவாக்கித் தந்தார். 1959 ஏப்ரலில் முன்மாதிரி வண்டி ஒன்றை வட ஒன்ராறியோவின் லான்ஸ்டவுன் ஹவுஸுக்கு ஆர்மானே கொண்டு போனார். அங்கே பழங்குடி மக்களிடையே பணியாற்றிய நண்பர், பாதிரியார் மொரிஸ் உய்மே, அதுவரை நாய்கள் இழுக்கும் வண்டியில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். நாய்களின் இடத்துக்கு வந்ததால் புதிய வண்டிக்கு ‘ஸ்கி-டாக்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வண்டியில் பெயர் எழுதியவர் கடைசி எழுத்தைப் பிசகி எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். பிசகிய பெயரே நிலைத்தது. இன்று கனடாவில் எந்த நிறுவனத்தின் ஸ்நோமொபைலைப் பார்த்தாலும் பலரும் சொல்லும் ‘ஸ்கிடூ’ அதுதான்.

முதல் ஆண்டில் விற்றவை 225. விலை சுமார் 900 டாலர். புதுமோகம் தீர்ந்தால் நிறுவனத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுமோ என்று அஞ்சிய ஆர்மான் அடக்கியே விளம்பரம் செய்தார். நான்கு ஆண்டுகளில் விற்பனை 8,210 ஆனது. வேலைக்கென்று செய்த வண்டியை மக்கள் விளையாட்டுக்கு வாங்கினார்கள். எல்லைக்கு அப்பால் மினசோட்டாவில் எட்கர் ஹெட்டீன் அறுபதுகளின் தொடக்கத்தில் தொடங்கிய நிறுவனத்திலிருந்து ‘ஆர்க்டிக் கேட்’ பிறந்து போட்டிக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் களத்தில் இருந்தன. அந்தக் கொண்டாட்டத்தை ஆர்மான் பார்க்கவில்லை. 1964இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது, வயது 56.

1966இல் பொறுப்பு மருமகன் லோரான் போதுவானிடம் வந்தது. இளம் கணக்காளர். 1971இல் போட்டி நிறுவனமான மோட்டோ-ஸ்கியையும் வாங்கினார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோலுக்கு வரிசை நிற்கும் காலத்தில் பனியில் விளையாட யார் வண்டி வாங்குவார்? சந்தை சரிந்தது; சிறிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. வால்கூரின் முறையும் வந்துவிட்டதாகவே தோன்றியது.

ஆனால் மொன்றியல் நகரம் மெட்ரோ ரயிலுக்குப் பெட்டிகள் தேடிக்கொண்டிருந்தது. ஸ்நோமொபைல் செய்பவர்கள் 1974இல் 423 பெட்டிகளுக்கான ஒப்பந்தத்தை வென்றார்கள். லா பொகாற்றியேரில் மோட்டோ-ஸ்கி வண்டிகள் செய்த அதே ஆலையில் ரயில் பெட்டிகள் உருவாகின. 1982இல் நியூயோர்க் சுரங்க ரயிலுக்கு 825 பெட்டிகள், 1986இல் கனடேர் விமான நிறுவனம் என்று பொம்பார்டியே பெருகியது. 1992இல் ஒன்ராறியோ அரசிடமிருந்து தண்டர் பே ரயில் ஆலையும் கைக்கு வந்தது. ரூஜ் ஹில் நிலையத்தில் ஏரிக்காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று, பச்சை நிற இரட்டை மாடி கோ ரயிலில் ஏறி யூனியன் நிலையத்துக்கு வேலைக்குப் போகும் ஸ்காபரோத் தமிழர்கள் அமர்ந்த பெட்டிகள் அந்த ஆலையில் பிறந்தவை. தள்ளாடிய ஒரு பனிவண்டியோடு தொடங்கியதுதான் இந்த ரயில் நிறுவனம். அந்தப் பனிவண்டியையே விற்கும் நாளும் வந்தது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு விமானத் தொழில் படுத்தது. கடன் பொம்பார்டியேயின் கழுத்தை நெரித்தது. கனடிய தேசிய ரயில் நிறுவனத்தை நடத்திய போல் டெலியே தலைமைக்கு வந்து, 2003 ஏப்ரலில் தன் திட்டத்தை அறிவித்தார். ஸ்கிடூவும் அதன் கூடப்பிறந்த நீர்வண்டிகளும் அடங்கிய பிரிவு விற்பனைக்கு! நோய் தாய்க்கு, விலைக்குப் போவது மூத்த பிள்ளை. வால்கூருக்கோ அந்த ஆலைதான் சோறு. வாங்குபவர் அமெரிக்கராக இருந்தால் ஆலை அங்கேயே இருக்குமா? பிரிவைத் துண்டு துண்டாக விற்பார்களா? மாதங்கள் ஓடின.

ஆகஸ்டில் விடை தெரிந்தது. விலை 120 கோடி கனடிய டாலருக்கும் மேல். பாதிப் பங்கு பாஸ்டனின் பெயின் கேப்பிடலுக்கு. 15 சதவீதம் கியூபெக் மக்களின் ஓய்வூதியப் பணத்தைக் காக்கும் கேஸ் நிறுவனத்துக்கு. மீதி 35 சதவீதத்தை வாங்கியவர்கள் ஆர்மானின் வாரிசுகள். விற்ற நிறுவனத்தைக் கட்டுப்படுத்திய அதே குடும்பம், விற்ற பொருளையும் தன் கைப்பணம் போட்டு வாங்கியது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது விசித்திரமாகப் படலாம். ஆர்மானின் குடும்பத்தார் அந்த நேரத்தில் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பி.ஆர்.பி. என்ற புதிய பெயரில் நிறுவனம் வால்கூரிலேயே தங்கியது. பிள்ளையை விற்ற பணத்தில் தாய் பிழைத்தாளா?

பி.ஆர்.பி. 2013இல் ரொறன்ரோ பங்குச் சந்தையில் ஏறியது. தாயோ புதிய சி-சீரிஸ் விமானத்தில் பெரும் பணத்தைப் புதைத்து, 2018இல் அந்தத் திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கை ஏர்பஸ்ஸிடம் ஒரு டாலருக்குக் கொடுக்க நேர்ந்தது. 2021 ஜனவரியில் ரயில் பிரிவும் பிரான்சின் அல்ஸ்டொமுக்குப் போனது. தண்டர் பே ஆலையும் அத்தோடு கைமாறியது. பொம்பார்டியேயிடம் எஞ்சியவை செல்வந்தர்களின் தனி ஜெட்டுகள் மட்டுமே. ஸ்கிடூ தன் ஊரில் ஓடிக்கொண்டே இருந்தது.

நாய்களின் இடத்துக்கு வந்த வண்டியின் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2024 நவம்பரில் வட கியூபெக்கின் கங்கிக்சுயுவாக் ஊரில் கனடிய அரசு இனுயிற் மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. 1950களிலும் 60களிலும் அவர்களுடைய வண்டி நாய்கள் கொல்லப்பட்டதற்கான மன்னிப்பு அது. வேட்டைக்கும் பயணத்துக்கும் உயிர்த்துணையாக இருந்தவற்றை இழந்த மக்கள் அவர்கள். நாய்களுக்குப் பதிலாக ஸ்நோமொபைல் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடும் வரிக்குள் அந்தக் கண்ணீரும் இருக்கிறது. அரசின் சார்பில் மன்னிப்பைச் சொன்ன அமைச்சர் கேரி ஆனந்தசங்கரி, அப்போது ஸ்காபரோ-ரூஜ் பார்க் தொகுதியின் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர்.

அதே ஆண்டின் முடிவில் ஸ்கிடூவின் பழைய போட்டியாளரான ஆர்க்டிக் கேட்டின் காலம் கெட்டது. 2017இல் சுமார் 25 கோடி அமெரிக்க டாலருக்கு அதை வாங்கிய டெக்ஸ்ட்ரான் நிறுவனம், உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டு வாங்க ஆள் தேடியது. யமகாவும் ஸ்நோமொபைல் தொழிலை விட்டு விலகிக்கொண்டிருந்த நேரம். வாங்குவார் உண்டா என்று ஆர்க்டிக் கேட்டின் ஊரான மினசோட்டாவின் தீஃப் ரிவர் ஃபால்ஸ் நகரம் மாதக்கணக்கில் காத்திருந்தது. 2025 ஏப்ரலில் வாங்க முன்வந்தது ஒரு குழு. அதன் தலைவர் முன்பு ஆர்க்டிக் கேட்டிலேயே வேலை பார்த்தவர்.