சோழமண்டலக் கரைத் துணித் தொழில்: செழிப்பும் நலிவும்

மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரையிலான கரையிலும் அதையொட்டிய உள்நாட்டிலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பருத்தி நெசவும் சாயத் தொழிலும் செழித்திருந்தன. இங்கிருந்து வெள்ளைத் துணியும் பூந்துணியும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறின.

துணிக்காகவே கிழக்கிந்தியக் கம்பெனி ஊர்களை உருவாக்கியது. 1734-இல் சென்னை ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், நெசவாளர்களையும் நூற்போரையும் சாயக்காரர்களையும் கூவக் கரையில் குடியமர்த்தினார். அந்தச் சின்னத் தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. நெசவாளர் வாழும் தெரு நீளமாக இருந்தாக வேண்டும். பாவு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை ஒட்டாமல் நீவி, வெயில் ஏறுமுன் சுருட்டியாக வேண்டும். குடும்பமே இறங்கினால்தான் முடியும்.

கம்பெனி தந்த முன்பணம் முதலில் நெசவாளரைக் கட்டிப்போடவில்லை. பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் போய்விடலாம். கம்பெனி ஆட்சியாளராகவும் ஆனபின், 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அந்த வழி அடைபட்டது. வேறெவருக்கும் நெய்யாதபடி சேவகர்கள் காவல் நின்றார்கள். நலிவை இங்கிலாந்து மில்லிலிருந்து தொடங்கிச் சொல்வது வழக்கம். உண்மையில் அது இந்த முன்பணக் கணக்கிலேயே தொடங்கிவிட்டது.

இங்கிலாந்து 1700, 1721 ஆண்டுகளின் சட்டங்களால் வண்ணத் துணிகளைத் தன் மக்கள் உடுத்தத் தடை விதித்திருந்தது. 1779-இல் கிராம்ப்டனின் நூற்பு எந்திரம் வந்தபின் மெல்லிய நூலையும் அங்கேயே மலிவாக நூற்க முடிந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நூல் நம் சந்தைக்கே வந்து இறங்கியது. முதலில் ஓய்ந்தது ராட்டை. ஒரு தறிக்கு நூல் கொடுக்கப் பல ராட்டைகள் சுழல வேண்டும். சுழற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள், வயல்வேலை இல்லாத நாளில் அந்தக் காசையே நம்பியவர்கள். வரி விதிப்பதற்காகத் தறிகளை அரசு எண்ணியது. அந்தப் பெண்களை எவரும் எண்ணவில்லை.

சிவப்புச் சாயம் தந்த இம்பூறல் வேரையும் 1869-க்குப் பின் வந்த செயற்கைச் சாயம் ஓரங்கட்டியது.

தறி முற்றிலும் அழியவில்லை. மில் நூலை வாங்கி, நூல் வியாபாரியிடம் கடன்பட்டு, உள்ளூர்ச் சேலைக்காக நெசவு நீடித்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அந்தச் சேலையை வாங்கவும் ஆளில்லை. நெசவாளர்களின் உயிரைக் காக்க அரசே நூல் கொடுத்து நெய்யச் சொல்லி, கூலி தர நேர்ந்தது.